இடது கை, எண் 212

மண்டபம் அரசு மருத்துவமனை. இரவுப் பணி.
வாச்சர் சூசைராஜ் ஐஸ் பெட்டியைத் திறந்தபோது
எனக்கென்று ஏதோ நகரை, விளைமீன்
கொண்டுவந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.
ஐஸுக்கும் கல்லுப்புக்கும் நடுவே
தோல் கறுத்த ஒரு துடுப்பு.

வேதாளைக்கு மேற்கே ஒதுங்கிய ஆவுளியாவாம்,
வலைக்குள் மூச்சு முட்டிச் செத்தது.
அறுத்துப் பார்த்த கால்நடை டாக்டர் மெஹர்நிஷா
துண்டுச்சீட்டில் எழுதியிருந்தார்:
'இடது கை. மணிக்கட்டுக்கு மேலே தடவினால் ஒரு மேடு.
முறிவு புதிதா பழையதா, படம் எடுத்துச் சொல்லவும்.'

கை என்று எழுதியிருக்கிறார் பாருங்கள்.

பதிவேட்டில் பெயருக்கு நேரே கோடு.
வயதுக்கும் கோடு.
'பொம்பள' என்றார் சூசைராஜ்,
அதை மட்டும் எழுதிக்கொண்டேன்.

உள்ளங்கை கீழே இருக்கும்படி வைப்பது வழக்கம்.
எது உள்ளங்கை?
புரட்டிப் புரட்டிப் பார்த்து
மழமழவென்றிருந்த பக்கத்தைக் கீழே வைத்தேன்.
முதல் படம் வெறும் வெள்ளை.
எலும்பா அது, கருங்கல்.
மிதந்துபோகாமல் கடலடியில் மேய
உடம்புக்குள்ளேயே நங்கூரம் போட்டு வைத்திருக்கிறது.
கிலோவோல்ட்டைக் கூட்டி மறுபடி எடுத்தேன்.

இருட்டறை, சிவப்பு விளக்கு,
காடி வாசமடிக்கும் தொட்டிக்குள்
மெல்ல வந்தது:
மேலே ஒற்றை எலும்பு,
அதன் கீழே ஒட்டி நிற்கும் இரண்டு,
மணிக்கட்டில் புளியங்கொட்டைச் சில்லுகள்,
அப்புறம்
எண்ணினேன்.
கிளிப்பைத் தூக்கிப் பிடித்து இன்னொரு தடவை எண்ணினேன்.
ஐந்து.

நகரைக்குத் துடுப்பில் விரல் கிடையாது.
முள்ளை விசிறியாய் விரித்தே பிழைத்துக்கொள்கிறது.
கடலுக்கென்றே செய்த உடம்பென்றால்
அந்த விசிறி போதுமே.
ஐந்து விரலையும் மடக்கத் தெரியாமல் மூடி
மேலே தோல் தைத்து அனுப்பியது யார்,
எந்தக் கரையிலிருந்து?

படம் காயும்போது வெளியே ஆள் சத்தம்.
நம்புவள்ளி, நாற்பத்தாறு, சின்னப்பாலம்.
பாசி எடுக்கப் போன இடத்தில்
பார் வழுக்கிக் கையை ஊன்றிவிட்டாள்.
விரல்களில் இன்னும் ஈரத்துணிச் சுற்று.
மறுகையில் செருப்பு வார் கோத்த இரண்டு தகரத்தகடு.
'இதக் கால்ல கட்டுனாத்தான் சார்
தண்ணி நம்மளத் தள்ளவிடும்.'

இரண்டு படத்தையும் விளக்குப் பெட்டியில் மாட்டினேன்.
'எது என்னுது?'
காட்டினேன்.
'அப்ப அந்தக் குட்டைக் கை?'
ஆவுளியா என்றேன்.
சிரிப்பாள் என்று பார்த்தால் கிட்டே வந்தாள்.
'கையூனி நடக்கும் சார் அது, கீழ, கோரைக்குள்ள.
ரெண்டு தடவ பாத்திருக்கேன்.
வீட்ல சொன்னா கேலி பண்ணுவாங்க.'

சூசைராஜ் பெட்டியின் மூலையிலிருந்து
பாலிதீன் உறை ஒன்றையும் எடுத்தார்.
விரல் தடிமனில் இரண்டு எலும்பு.
டாக்டர் எழுத்து: 'இடுப்பு. சதைக்குள் புதைந்து கிடந்தது.
கீழே கால் இல்லை.'

நம்புவள்ளி அதையும் வாங்கிப் பார்த்தாள்.
தகடுகள் இடுக்கிய அதே கையில்.
'இடுப்ப வச்சுக்கிட்டு
கால எங்க விட்டுட்டு வந்துச்சு?'

என்னிடம் பதில் இல்லை.
ஆஸ்பத்திரியின் பழைய மதில்கூடப் பவளக்கல்தான்,
காரை உதிர்ந்த இடமெல்லாம் பூப்பூவாய்ப் புழுக்கூடு.
நாங்கள் சைக்கிள் சாத்துகிற இடம்
யாரோ நீந்திய இடம்.
பல கோடி வருஷம் என்று பாடத்தில் வாசித்திருக்கிறேன்,
தேர்வுக்கு எழுதியும் இருக்கிறேன்.
இந்த ராத்திரி வரை அது ஒரு எண்.

மாவுக்கட்டுக்காரர் வர நேரமாகும்.
'கூடிருமா சார்? எப்ப முங்கலாம்?'

டாக்டர் கேட்டதற்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.
பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.
பெயரில்லாத படத்தில், இவளுக்கு விட்டிருக்கும் அதே இடத்தில்,
எப்போதோ முறிந்து
கட்டு இல்லாமல், மாவு இல்லாமல்
கொஞ்சம் கோணலாய்க் கூடியிருந்தது எலும்பு.

'அதுக்குக் கூடியிருக்கு' என்றேன்.