பெறுநர்

திங்கட்கிழமைகளில் சத்துவாச்சாரி
கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறேன்.
ஐம்பது ரூபாய். முதியோர் பென்ஷன் என்றால் முப்பது.
பட்டா, வாரிசு, பக்கத்து வீட்டுச் சாக்கடை,
எதற்கும் என் கையில் வாசகம் உண்டு.

மொட்டைத் தலையோடு ஒருவன் வந்தான்.
சந்தனம் காய்ந்து பொருக்கு உதிர்ந்துகொண்டிருந்தது.
அனுப்புநர்: மு. ஹேமாத்ரி, வயது இருபத்தொன்பது,
கழிஞ்சூர், காட்பாடி வட்டம்.
தொழில்: சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது.
பெறுநர்? என்றேன்.
கம்பெனி, என்றான்.
கம்பெனி எங்கே இருக்கிறது?
சட்டைப் பையிலிருந்து செல்லை எடுத்துக் காட்டினான்.

வியாழக்கிழமை திருப்பதி.
மகளுக்கு முதல் முடி, கூடவே தனக்கும்.
வெள்ளி காலை, வண்டியை எடுக்கும் முன்
வழக்கம்போல் செல்லுக்கு முகத்தைக் காட்டியிருக்கிறான்.
பொருந்தவில்லை, என்றது.
வெளிச்சத்தில் நில்லுங்கள், என்றது.
சித்திரை மாசத்து வேலூரில்
இதற்கு மேல் எந்த வெளிச்சத்துக்குப் போவான்?
மூன்றாம் முறைக்குப் பின் ஐடி பூட்டிக்கொண்டது.
காரணம்: ஆள்மாறாட்டம்.

"பாப்பாவும் முதல்ல அழுதுச்சுக்கா.
அப்புறம் என் தலையைத் தடவுச்சு,
அது தலையைத் தடவிக்கிச்சு,
சிரிச்சிடுச்சு."
இதையெல்லாம் மனுவில் எழுத முடியாது.
எழுதினேன்.

கூட வந்தவன் பெயர் முதஸ்ஸிர். பேரணாம்பட்டுப் பையன்.
மக்கான் சந்திப்பில் தூணோரம்தான்
இவர்கள் ஆர்டருக்காகக் காத்து நிற்பது.
நின்று நின்று அந்தக் கல்லைப் படித்துவிட்டிருக்கிறான்.
"அந்தக் கும்பெனிக்காரன் தாடியை எடுன்னான்,
நெத்தியை அழின்னான், புதுத் தொப்பி போடுன்னான்.
இந்தக் கம்பெனிக்காரன் முடி எங்கேங்கிறான்.
எழுதுங்கக்கா."
சொல்லிக்கொண்டே தன் தாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டான்.
அது வேண்டாம்பா, என்றேன்.
கோட்டையில் விடிவதற்குள் என்ன நடந்தது என்று
உள்ளே இருக்கிற போலீசுக்கும் தெரியும்.

கோரிக்கை என்ன?
"ஐடி திரும்ப வேணும்."
எழுதி, கீழே கோடு போடப் போனேன்.
"இன்னொண்ணு.
மூணு வருஷமா தினம் காலையில ஒரு மூஞ்சி வாங்கியிருக்கான்.
ஜுரத்துல ஒண்ணு, அப்பா செத்த மறுவாரம் ஒண்ணு,
ஆயிரம் தேறும்.
அதையெல்லாம் எங்க வெச்சிருக்கான், யார்கிட்ட காட்டுறான்?
நான் பார்க்கணும். பார்த்துட்டு அழிக்கச் சொல்லணும்."

கொடுக்கும்போது ஒத்துக்கொண்டாயா?
காட்பாடி பாலத்தடியில், மழைக்கு ஒதுங்கி நின்றபோது
ஒரு கட்டத்தைத் தொட்டானாம்.
அந்த ஒப்பந்தத்தைச் செல்லில் தள்ளிப் பார்த்தேன்.
கட்டைவிரல் வலித்தது, முடிவு வரவில்லை.
தமிழ் ஒரு வரி இல்லை.

பதினெட்டு வருஷமாக எழுதுகிறேன்.
நிலம் கேட்டு வந்திருக்கிறார்கள்,
செத்தவருக்குச் சான்று கேட்டு, சாகாதவருக்கும் கேட்டு.
தன் முகத்தைத் திருப்பிக் கேட்டு யாரும் வந்ததில்லை.
அதற்கு வாசகம் இல்லை.
அவன் சொன்னபடியே எழுதிக் கொடுத்துவிட்டு,
வேடிக்கை பார்க்க நானும் வரிசையில் போனேன்.

உள்ளே மேஜையில் ஒரே குழப்பம்.
தொழிலாளர் துறைக்கா? இவன் தொழிலாளி இல்லையாம், பார்ட்னராம்.
போலீசுக்கா? திருட்டு இல்லை, இவனே கொடுத்தது.
பெறுநர் இடம் வெள்ளையாகவே இருந்தது.
கடைசியில் 'இதர' என்று குத்தினார்கள்.

அப்புறம் கம்ப்யூட்டர் பையன்
மேஜைமேல் இருந்த சின்னக் கண்ணைத் திருப்பினான்.
"மனுதாரர் போட்டோ. இங்க பாருங்க."

ஹேமாத்ரி பார்க்கவில்லை.
"எவ்ளோ நாள் வெச்சிருப்பீங்க சார்?" என்றான்.

பையன் பெரியவரைப் பார்த்தான்.
பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார்.
எனக்குப் பின்னால்
அணைக்கட்டிலிருந்து வந்த பட்டாக்காரர்
"என்னம்மா, வரிசை நகர மாட்டேங்குது" என்றார்.