பத்துக்கு எட்டு

ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன்.
குனிந்து உள்ளே வந்தார்
பங்குப் பேரவைச் செயலாளர் மதலைமுத்து.
"புகை வந்துடுச்சும்மா."

யார் வீடோ என்று பதறிவிட்டேன்.
கூரைகள் பற்றிக்கொள்ளும் மே மாதம்,
குடமுருட்டியில் அள்ளி ஊற்றவும் நீரில்லை.
"வெள்ளைப் புகை" என்றார்
வெற்றிலைச் சிவப்போடு.
அப்போதுதான் காதில் விழுந்தது
அக்கரைச் சூசையப்பர் கோயில் மணி.
சாவுக்கு அடிக்கும் நிதானம் இல்லை,
பூசைக்கு அடிக்கும் கணக்கும் இல்லை,
பையன்கள் யாரோ கயிற்றில் தொங்கியிருக்க வேண்டும்.

ஃப்ளெக்ஸ், பத்துக்கு எட்டு.
மஞ்சளும் வெள்ளையும்.
காலைப் பூசைக்குள் கட்டியாக வேண்டும்.
"பேரு?" என்றேன்.
"இன்னும் சொல்லலை. எடம் விட்டு வை."

மேலே புறா. நடுவே வெற்றிடம்.
கீழே பன்னிரண்டு முகங்கள்.
தேட வேண்டியதில்லை,
எல்லாம் என் கணினியிலேயே இருக்கின்றன.
தேருக்கும் காதுகுத்துக்கும்
போன மாதம் பழையவர் இறந்ததற்கும்
அதே சட்டை, அதே சிரிப்பு.
மெழுகுவர்த்தியை மட்டும் அழித்தேன்.

போப்பாண்டவர் என்று அடித்தேன்.
திருத்தந்தை என்பதே முறையென்று
குரல்பதிவு அனுப்பினார் உதவிப் பங்குச்சாமி.
பாப்பரசருக்கு என்ன குறைச்சல் என்று
டீக்கடையிலிருந்து எழுந்து வந்தார் சந்தியாகு.
மூன்றையும் போட்டுப் பார்த்தேன்.
திருத்தந்தைதான் அகலத்தில் அடங்கினார்.

பதினொன்றுக்குச் சற்று முன்
அந்த மாடத்துத் திரை விலகியது.
நாலு தலைகள் என் கைபேசிமேல் கவிந்தன.
லத்தீனில் சொன்ன பெயர்
சிக்னலில் சிக்கிச் சுற்றியது.
பிறகு நாலு குழுக்களில்
நாலு விதமாக வந்து சேர்ந்தது.
குறிலா நெடிலா என்று கேட்டேன்.
"எது பெருசாத் தெரியுமோ அது."

பன்னிரண்டு முகங்களுக்கும் அடியில்
வழக்கமாக ஒரு வரி உண்டு:
தெற்குத் தெரு அன்பியத்தார்.
எங்கள் தெரு.
முகமில்லாத வரி.
அதை மட்டும் இரண்டு மடங்காக்கினேன்.
அந்த அவசரத்தில் யார் அளப்பார்கள்?

தேருக்கு வாங்கி நமத்துப்போன சரவெடி
மூன்று வெடித்து, யோசித்து,
நாலாவதும் வெடித்தது.
இயந்திரம் போய்த் திரும்பிப் போய்த் திரும்பி
புதியவரின் நெற்றியை இழைத்துக்கொண்டிருந்தது.

இரண்டு மணிக்கு மழை.
ஒரு காற்று, அவ்வளவுதான் முன்னறிவிப்பு.
கொள்முதல் நிலையத்து வாசலில்
ஒன்பது நாளாய்க் கிடந்தது நெல்.
ஈரப்பதம் பதினேழைத் தாண்டினால்
திருப்பி அனுப்பிவிடுவார்கள்.
சாக்கோடு ஓடினார்கள், போர்வையோடு ஓடினார்கள்,
மணிக்கயிற்றுப் பையன்களும் ஓடினார்கள்.
தார்ப்பாய் போதவில்லை.
கோயில் சுவரில் இருந்த கண்ணீர் அஞ்சலியை
யாரோ அவிழ்த்து வந்தார்கள்.
பக்கிரிசாமியின் அம்பாரத்தில்
வடகோடிக்கு அதுவும் எட்டவில்லை.
மதலைமுத்து என்னைப் பார்த்தார்.
மை வாசம் போகாத பத்துக்கு எட்டை
ஆளுக்கு இரண்டு முனை பிடித்து
விரித்தோம்.

விடிந்தபோது
பழையவர் ஒரு சரிவில்
புதியவர் ஒரு சரிவில்
நெஞ்சில் மழைநீர் தேங்கக் கிடந்தார்கள்.
மூலைக்கொரு செங்கல்.
பக்கிரிசாமி அடியில் கைவிட்டுத் துழாவினார்.
ஒரு நெல்லைப் பல்லில் வைத்தார்.
டக்.
முகம் மலர்ந்து கேட்டார்,
"யாருங்க இவரு, புதுசா?"
பெயரைச் சொன்னேன்,
நெடிலோடு.

பூசை முடிந்துதான் கட்டினார்கள்.
சர்க்கரைப் பொங்கல் கொடுத்த வரிசையில் நின்று
எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள்.
தெற்குத் தெருவைப் படித்தவர்கள்
இன்னொரு முறை படித்தார்கள்,
ஒன்றும் சொல்லவில்லை.
கன்னத்தில் ஒட்டிய பதரைத்
தட்டிவிட ஏணி இல்லை.

மடிப்பு விழுந்திருக்கிறதே, குறைத்துக்கொள் என்கிறார்
மதலைமுத்து.
அறுநூறு ரூபாய் இன்னும் பாக்கி.