குண்டு விழுந்த இடம்

பீடத்துக்கு அளந்து கொடுக்கச் சொன்னார்கள்.
ஆறு மீட்டர் ஆரம், நடுவில் ஒரு முளைக்குச்சி.
டேப்பின் ஒரு முனையைத் தணிகைமணி பிடிக்க
மறுமுனையோடு ரவுண்டானாவைச் சுற்றினேன்.
வரைபடத்தைப் பிறகுதான் காட்டினார்கள்:
சிமெண்டில் நெல்வயல்,
அதில் பாதி புதைந்த இரும்புக் குண்டு.

கடலூர்க்காரனுக்குக் கதை புதிதில்லை.
தேவனாம்பட்டினம் கோட்டையை விற்றபோது
கோட்டையோடு எவ்வளவு நிலம் என்ற கேள்விக்கு
பீரங்கியைப் பதில் சொல்லவிட்டார்கள்.
குண்டு போய் விழும் தூரம் வரை கும்பெனிக்கு.
பட்டா இல்லை, சிட்டா இல்லை, புல எண் இல்லை.
நான்கெல்லை எழுதியிருந்தால் இப்படி இருந்திருக்கும்:
வடக்கே சத்தம், தெற்கே சத்தம்,
மேற்கே புகை,
கிழக்கே மட்டும் கடல்.

இருபத்திரண்டு வருட சர்வே வேலையில்
எனக்கு நினைவு வந்ததெல்லாம் இன்னொருவன்.
குண்டு மேலே பறக்கையில் கீழே ஓடியவன்.
யாராவது ஓடித்தானே இருக்க வேண்டும்?
குழியில் கம்பு நட்டு
சேற்றுக் காலோடு திரும்பி
"அங்கே" என்று கை நீட்டியிருக்க வேண்டும்.
நடவில் இருந்தவர்கள் நிமிர்ந்து
அவனிடம் என்னவென்று கேட்டிருப்பார்கள்.
ஒன்றுமில்லை, அளக்கிறோம் என்றிருப்பான்.
எந்த ஊருக்குப் போனாலும்
நான் சொல்வதும் அதுதான்.

வரைபடத்தில் அவன் இல்லை.
பட்ஜெட்டில் ஆள் உருவம் வராது என்றார் சிற்பி.

என் வட்டத்துக்குள் வந்தது
அஞ்சலாட்சியின் இட்லி வண்டி.
அடுப்புக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவே போனது
சுண்ணாம்புக் கோடு.
கோட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
"என்ன சார், இன்னும் விழுந்துக்கிட்டா இருக்கு?"
தணிகைமணி சிரித்துவிட்டான்.
நான் டேப்பைச் சுற்றினேன்.
ஆரத்தை ஐந்தரையாகக் குறைக்கலாம் என்று
ஒரு குறிப்பு எழுதினேன்.
கோப்பில் எங்கேயாவது இருக்கும்.

திறப்பு விழாவன்று நல்ல மழை.
தை பிறப்பதற்குள்
கறுப்பு பெயிண்டை உப்புக்காற்று தின்றுவிட்டது.
சிமெண்ட் கதிர்களில் துரு வழிந்து
அறுப்புக்கு வந்த மாதிரி ஒரு நிறம்.
கல்வெட்டில் 'எல்லை'க்கு ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கிறது.
வெயில் தாழும்வரை யாரும் அதில் சாய முடியாது.

அஞ்சலாட்சி இப்போது சாலைக்குக் கிழக்கே.
மாலையில் குண்டின் நிழல்
வட்டத்தைத் தாண்டி, தாரைக் கடந்து
அவள் வண்டிச் சக்கரத்தைத் தொடுகிறது.
அவள் நகர்வதில்லை.
மாவு ஊற்றிக்கொண்டிருக்கிறாள்.

நானும் அங்கேதான் சாப்பிடுகிறேன்.
பழக்கதோஷம்,
நிழலின் நீளத்தை ஒருநாள் காலடியில் அளந்துவிட்டேன்.
எங்கேயும் எழுதவில்லை.