லக்கேஜ்

மேட்டுப்பாளையத்தில் ஏறும்போது
காய்கறிப் பைக்குள் தூங்கிக்கொண்டிருந்தான்.
குஞ்சப்பனை வளைவில் தலையை நீட்டினான்.
கண்டக்டர் யோசிக்காமல் கிழித்துக் கொடுத்தார்
ஒரு லக்கேஜ் டிக்கெட்.
வேறு பெயர் தேட எங்களுக்கும் நேரமில்லை,
பறிப்பு உச்சத்தில் இருந்த மாதம்.

அன்றைக்கு ஏழு கிலோ.
பூச்சி மருந்துக்கு எடை கேட்டார்கள் என்று
நேற்று இலைத் தராசில் ஏற்றினோம்:
அறுபத்தெட்டு.
ஹாலன் பழக்கதோஷத்தில்
ஈரத்துக்கு மூன்று கிலோ கழித்துவிட்டான்.

இவனுக்கு முன்னால் இரண்டு நாய்களைச்
சிறுத்தை கொண்டுபோயிருந்தது.
இரண்டாவதன் சங்கிலி மட்டும்
கேரட் தோட்டத்து வேலியில் கிடந்தது.
"பெரிய ஜாதியா வாங்கிட்டா
அதுவும் கொஞ்சம் யோசிக்கும்" என்றார் சேவணன்.
கிரேட் டேன் என்று சத்தியம் செய்து விற்ற கோவைக்காரர்
சாப்பாட்டைப் பற்றிச் சொன்னதும் அதே சொல்தான்:
கொஞ்சம்.

இந்த மாதம் பச்சை இலை கிலோ பதினேழு.
கட்டபெட்டில் கோழிக் கழுத்து எழுபது.
நாலு கிலோ இலை, மேலே ஒரு பிடி,
அதற்கு ஒரு கிலோ கழுத்து.
அது அவனுக்கு மதியம் வரை.
கிள்ளக் கிள்ள விரல் கூட்டிக்கொண்டே போகிறது:
இந்தச் செடி காலைக் களி,
இந்த வரிசை முட்டை,
சரிவில் குரங்கு உட்கார்ந்திருக்கும் அந்த மூலை முழுக்க
பார்வோ ஊசி.

குணம் கேட்கிறீர்களா?
குக்கர் மூன்றாவது விசிலுக்கு
பீரோவின் பின்னால் ஒளிவான்,
பின்பாதி வெளியே நிற்கும்.
பூனை அவன் தட்டில் வாய் வைத்தால்
தன் முறை வரும் என்று தள்ளி உட்காருவான்.
குரைப்பு மட்டும் வேறு யாருடையதோ,
பள்ளத்து எஸ்டேட் வரை போய்த் திரும்பி வரும்.
பிடித்தவர்கள் மேல் சாய்வான்.
தபால் கொண்டுவரும் ரெஜினா
முதல் நாள் தேயிலைக்குள் விழுந்தாள்.
இப்போதெல்லாம் காலை அகட்டி நின்றுதான்
கையெழுத்து வாங்குகிறாள்.

தை மாதம், உறைபனி விழுந்த இரவு,
அது வந்தது.
சமையலறைத் தகரத்தின் மேல் நாலே நாலு அடி.
லக்கேஜ் எங்கள் இருவருக்கும் நடுவில் பாய்ந்தான்.
கட்டில் கால் முறிந்தது.
அந்தச் சத்தத்துக்குத்தான் சிறுத்தை ஓடியது.
ஆசாரிக்கு அறுநூறு.

ஊட்டியில் டாக்டர் ஷைனி சொன்னார்:
தின்றதும் ஓட விடாதீங்க,
இந்த ஜாதிக்கு வயிறு முறுக்கிக்கும்,
விடியறதுக்குள்ள முடிஞ்சிடும்.
எட்டு வருஷம் இருந்தா அதிகம் என்பதை
ரசீது எழுதிக்கொண்டே சொன்னார்.
அவனுக்கு ஐந்து முடிந்துவிட்டது.

அதனால் தினம் இரண்டு வேளை
அவன் தட்டை நக்கி முடித்த பிறகு ஒரு மணி நேரம்
கழுத்துப் பட்டையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.
மேலே மற்றவர்கள் கூடை நிரப்புகிறார்கள்.
மூடுபனி வந்து வேலியைத் தின்றுவிட்டுப் போகிறது.
என் மடியில் அவன் தலை,
நனைந்த இலைச் சாக்குபோல.
கால் மரத்துப்போகும் இந்த ஒரு மணி நேரத்தை
எங்கே எழுதுவதென்று தெரியவில்லை.

மற்றதெல்லாம் உரத்தில்.
சேவணனின் நோட்டில் நாய் என்ற சொல்லே கிடையாது.
கழுத்து, குருணை, மூட்டு மாத்திரை, ஜீப் வாடகை
எல்லாம் யூரியா, பொட்டாஷ்.
கடனுக்கு நோட்டைக் கேட்டு வாங்கிய
சங்கச் செயலாளர் போஜராஜ்
இரண்டு நாள் புரட்டிப் பார்த்துவிட்டு
நேரிலேயே வந்துவிட்டார்.
ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே கேட்டார்:
"இவ்வளவு உரம் போட்டும் இலை ஏறலையே,
செடிக்கு என்ன கோளாறு?"

லக்கேஜ் எழுந்தான். சோம்பல் முறித்தான்.
ஆளைப் பிடித்துப்போயிற்று போல.
அவர் காலை ஊன்றுவதற்குள்
போய்ச் சாய்ந்தான்.

இண்டிகேட்டர் கண்ணாடி, நூற்றிருபது.
பேனாவைத் தேடுகிறார் சேவணன்.