வெள்ளம் வரவில்லை

தருமபுரியிலிருந்து மாற்றலாகி வந்த பொறியாளர்
முதல் நாளே புகார்ப் பதிவேட்டைப் புரட்டினார்.
என் கையெழுத்து, அச்சடித்தாற்போல் இருக்கும்.
வெள்ளம் வரவில்லை: குளச்சல் ரோட்டு வளைவு.
வெள்ளம் வரவில்லை: குருசடிக்குப் பின்புறம்.
பத்து நாளாய் வெள்ளமே இல்லை:
தாசையன், கடலுக்கு முந்தின கடைசி வீடு.
ஓரத்தில் பச்சை மையில் எழுதினார்:
'மகிழ்ச்சி. கண்காணிப்பு தொடரட்டும்.'

வவுச்சர் கட்டுக்குள் முகம் புதைத்துச் சிரித்தேன்.
'சாரே, இங்க குடிக்கியதும் வெள்ளம், குளிக்கியதும் வெள்ளம்.
ஊரை அடிச்சிட்டுப் போனாத்தான் அதுக்கு வேற பேரு.'
பச்சை வரியைத் தானே அடித்து
தேதியிட்டுக் கையெழுத்தும் போட்டார்.

மறுநாள் மூன்று மணி இருட்டில்
வால்வு திறக்கும் பெலவேந்திரனோடு நடந்திருக்கிறார்.
மேட்டுக்குப் பதினேழு சுற்றுத் திறந்தால்
பள்ளத்துக்கு ஒன்பது சுற்றுப் பூட்ட வேண்டும்.
எந்த வரைபடத்திலும் இல்லை,
பெலவேந்திரன் மணிக்கட்டில் இருக்கிறது.

தாசையன் குழாயில் காற்று வந்தது.
அதற்கும் வரி கட்டி ரசீது வைத்திருந்தார்.
முற்றத்தில் குழி தோண்டிப் பிடித்த ஒரு தம்ளரில்
சோதனை மருந்து இரண்டு சொட்டு.
மஞ்சளாக வேண்டும்; ஆகவில்லை.
தொட்டியில் போட்ட குளோரின் முழுதும்
வழியில் எதனுடனோ சண்டையிட்டுச் செத்திருக்கிறது.

வழியில் சாக்கடை.
அதன் நடுவே முக்குளித்துப் போகிறது குழாய்.
எவரோ மோட்டார் வைத்து உறிஞ்சும்போது
வயிறு ஒட்டிய குழாய், விரிசல் வழியே
சாக்கடையைக் குடிக்கிறது.
ஊர் கழுவி ஊற்றியது
ஊர் அடுப்புக்கே திரும்புகிறது.

பெலவேந்திரன் இரும்புச் சாவியைக் குழாயில் ஊன்றி
மறுமுனையில் காது வைத்தபடி
வீடு வீடாய் வந்தார்.
குரோட்டன் செடி வைத்த கேட்டில் நின்றார்.

உள்ளே
சுவிட்சை நோக்கிப் போன என் கை
பாதியில் நின்றுவிட்டது.

பத்து மணிக்குப் பதிவேட்டில் நானே எழுதினேன்:
குழாயில் நேரடி மோட்டார், அரைக் குதிரைத்திறன்.
வீட்டு எண் 3/114.
பெயர் எழுதுமுன் பேனாவை வாங்கிக்கொண்டு
பொறியாளர் கேட்டார்:
'றோஸ்லின். சின்ன ர-வா, பெரிய ற-வா?'
'பெரிசு, சார்.'

சாயங்காலம் இணைப்பைத் துண்டிக்க
பெலவேந்திரன்தான் வந்தார்.
மண்ணைத் தள்ளி மூடி, காலால் மிதித்து,
நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:
'தொண்டை வறளுது. இத்திரி வெள்ளம் தாருங்க.'

மேல்தொட்டி விளிம்புவரை நிறைந்திருந்தது.
செம்பில் கொண்டுவந்தேன்.
முழுவதும் குடித்தார்.