ஆகஸ்ட் ஒன்பது, மூன்று மணி

அட்டவணை ஜூனில் ஒரு வியாழன் காலை வந்தது.
பேருந்தைத் துறைமுக நிறுத்தத்தில்
ஒரு நிமிடம் கூடுதலாக நிறுத்திப் பார்த்தேன்.
(கூடாதுதான்.)
முதல் ஆட்டம். சொந்த மைதானம்.
எதிரே மெல்டன்.

பின்னிருக்கையில் யாரோ "ஐயோ" என்றார்கள்.
யாரோ "வரட்டும்" என்றார்கள்.
இரண்டும் ஒரே ஆளாக இருந்திருக்கலாம்.

மே மாதத்தைப் பற்றி ராவன்ஸ்வைக்கில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.
வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்:
பதினெட்டு வருடம் கழித்து மேல்பிரிவுக்கு ஏற
நான்கே நிமிடம் பாக்கி.
ஒன்றுக்குப் பூஜ்யம்.
ரோரி பென்ஹாலிகன்
கோல்கீப்பருக்குத் திருப்பித் தட்டிய பந்து
மழை நின்ற புல்லில் வழுக்கி,
வழி தெரிந்த நாய்க்குட்டி வீடு திரும்புவதுபோல
அவசரமே இல்லாமல்
எங்கள் வலைக்குள் போனது.
அப்புறம் கூடுதல் நேரம்.
அப்புறம் வேண்டாம்.

திரும்பி வந்த ஐந்து மணி நேரமும்
சாண்ட்விச் பொட்டலத்தை ஒருவரும் பிரிக்கவில்லை.
பேக்கரிக்காரர் ஸ்பிக்னியெவ்
நீலக் கிரீமில் "வாழ்த்துகள்" எழுதி வைத்திருந்த கேக்கைத்
திங்கள்கிழமை பாதி விலைக்குப் போட்டார்.
செவ்வாய் அன்று கடற்காகங்களுக்குப் போட்டார்.
மேல்பிரிவுக்குப் போனதை
அவை மட்டும் கொண்டாடின.

இனி அந்த மைதானத்துப் பக்கம்
தலைவைத்தும் படுக்க மாட்டேன் என்ற டக்ளஸ் த்வைட்
சீசன் டிக்கெட் வரிசையில் மூன்றாவது ஆளாக நின்றான்.
முதல் ஆள் நான்.
ஐரீன் ஆஸ்கர்பி அன்று கட்டியிருந்த கழுத்துத்துணியை
இன்னும் துவைக்கவில்லை;
அழுதது காயட்டும், பிறகு பார்க்கலாம் என்கிறாள்.
நர்ஸ் எபெலே
கிறிஸ்துமஸ் இரவைக் கொடுத்து
அந்தச் சனிக்கிழமை மதியத்தை வாங்கியிருக்கிறாள்.
பேரத்தில் ஏமாந்தது தான் இல்லை என்று சாதிக்கிறாள்.

மெல்டனை என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் சண்டையில்லை.
ரோரியை என்ன செய்வது?
பெயரை ஒலிபெருக்கியில் வாசிப்பார்களே, அப்போது?
"ஊளையிடுவேன்" என்றான் டக்ளஸ்.
"வாயை மூடிக்கொள்வேன், அது இன்னும் வலிக்கும்" என்றாள் ஐரீன்.
எபெலே அவர்கள் இருவரின் சிப்ஸையும் தின்று தீர்த்தாள்.

ஜூலையில் அவன் என் பேருந்தில் ஏறினான்.
கையில் பால் கேன், ஒரு கட்டு வெங்காயத்தாள்.
இருபத்து மூன்று வயது; முகத்தில் சரியாகத் தாடிகூட இல்லை.
கடைசி இருக்கைக்குப் போய்
பதினோரு முதுகுகளைப் பார்த்தபடி உட்கார்ந்தான்.
ஒரு கழுத்தும் திரும்பவில்லை.
மழையே இல்லை, ஆனாலும்
கண்ணாடி துடைப்பானை ஓடவிட்டேன்,
ஏதாவது ஒரு சத்தம் வேண்டியிருந்தது.

மருந்துக்கடை மூலையில் வண்டி திரும்பும்போது
அந்தச் சுவரைப் பார்ப்பதை நான் எப்போதும் தவிர்ப்பேன்.
வேலைக்குச் சேர்ந்த ஆண்டு
பின்பக்கமாக எடுத்து அதை இடித்தவன் நான்.
இன்றும் அங்கே ஒரு கதவளவு செங்கல் மட்டும் வேறு நிறம்.
தினமும் பதினான்கு முறை கடக்கிறேன்.
என்னிடம் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.
நான் இல்லாதபோது பேசுகிறார்கள், தெரியும்.

இறங்கும்போது "நன்றி" என்றான்,
இங்கே எல்லாரும் சொல்வதுபோல.
"சனிக்கிழமை பார்ப்போம்" என்றேன்.
அன்று செவ்வாய்.
ஆட்டத்துக்கு இன்னும் ஐந்து சனிக்கிழமை இருந்தது.

இன்று வெள்ளி இரவு.
சட்டையை இஸ்திரி போட்டு, பிறகு
கல்யாண வீட்டுக்கா போகிறோம் என்று
கொஞ்சம் கசக்கி வைத்தேன்.
ஜன்னல் திறந்திருக்கிறது.
மைதானத்தில் ஒலிபெருக்கியைச் சோதித்துப் பார்க்கிறார்கள்,
கடற்காற்று சொற்களைப் பிய்த்துப் பிய்த்துக் கொண்டுவருகிறது:
ஒன்று... இரண்டு...
மூன்று...
நான்கு...

அங்கேயே நிறுத்திவிட்டார்கள்.
ரோரியின் சட்டை எண் ஐந்து.

தண்ணீர் குடித்தேன்.
தொண்டையைச் செருமிப் பார்த்தேன்.
நாளை மூன்று மணிக்கு இதிலிருந்து என்ன வரும் என்று
சத்தியமாக
எனக்கே தெரியாது.