ஙு

தேக்கா சந்தை. ஞாயிறு, காலை ஏழரை.
ஒலிப்பதிவுக் கருவி
மீன்கடைப் பனிக்கட்டிக்குப் பக்கத்தில்.
பேராசிரியர் பார்த்தால் திட்டுவார்.

முழுப் பெயர்?
ஙுன் டியால், என்றாள். சின் மலைக்காரி,
ஈசூனில் வீட்டுவேலை.

பேனா நின்றது.
ஒன்றாம் வகுப்புப் பயிற்சிப் புத்தகத்தில்
ஒரு பக்கம் ஙு எழுதியதோடு சரி,
அப்புறம் தமிழ் எனக்கு அதில் வேலை வைக்கவில்லை.
அங்கே இங்கே எங்கே என்று
க-வின் தோளில் சாய்ந்தே திரிந்தது
இவள் பெயருக்கு முன்னால்
ஆள் துணையின்றி நிற்கிறது.

பொருள்?
வெள்ளி.

செதில் சுரண்டுவதை நிறுத்தினார் லியோங்:
கான்டனீஸில் வெள்ளி, ஙான்.
அஞ்சு, வெறும் ங். வாயைத் திறக்கவே வேண்டாம்.
மீன், யூ.
எங்களுக்கு மீன்தான் ஙா, என்றாள் அவள்.

உங்கள் மீனில் ங எங்கே போச்சு, அங்கிள்?
கழுவும்போது போயிருக்கும்.

நாங்கள் முப்பது பக்கத்தில் சொன்னதும்
ஏறக்குறைய அதுதான்.
ஆய்வறையில் கணினி இரவெல்லாம் மரம் வரைகிறது.
வேர் மஞ்சளாற்றுத் தினைக்கொல்லையிலா,
இமயத்தின் கிழக்குச் சரிவிலா,
ஆறாயிரம் ஆண்டா ஏழாயிரமா,
சீனம் முதலில் பிரிந்ததா இல்லையா.
காலையில் கிளைகள் இடம் மாறியிருக்கும்.
இரண்டு பேர் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்.

மூன்று கானாங்கெளுத்தி எடுத்தேன்.
"அஞ்சு வெள்ளி," என்றார் லியோங்,
என்னிடம், தமிழில்.

அந்த மரத்தின் எந்தக் கிளையிலும் இல்லாத என் மொழி
இந்த ஊர்க் காசுக்கு
அவள் பெயரைத்தான் வைத்திருக்கிறது.
அட்டவணையில் இதைச் சேர்க்க வழியில்லை.
ஒலிப்பதிவில் இருக்கிறது,
பனிக்கட்டி சரிகிற சத்தத்துக்குச் சற்று முன்னால்.